முகப்பு யாருக்கு உரியது?

விழாக் குழுவினர் கல்லூரி மண்டபத்திலே தொங்கவிட்டிருக்கும் வரைபடத்தை அன்பர்கள் பலர் பார்த்திருப்பர். வீதியை நோக்கி நிற்கும் நமது பழைய நீள்கட்டடத்தின் முன்னே, அதன் ஓட்டுக் கூரை முற்றாக மறையும் உயரத்திற்கு, நீலக் கண்ணாடியும் வெள்ளி நிற அலுமினியத் தகடும் பொருத்திய புதுமுகம் ஒன்று எழுகின்றது. நடுவிலே கல்லூரியின் பெயர் பொன்னெழுத்திற் பொலிகின்றது. படத்தை வரைந்தவர் வானத்தை நல்ல நீலமாகவும் வீதியை வெறுமையாகவும் வரைந்திருக்கின்றார். மழையும் பேருந்தும் அப்படத்தில் இடம்பெறவில்லை. இவ்வேலைக்கு விழா நிதியின் பெரும்பகுதி செலவாகும் என்றும் அறிகின்றோம். நாம் இதற்கு உடன்படவில்லை. உடன்படாமைக்குரிய காரணங்களைப் பொதுக்கூட்டத்தில் இரண்டு நிமிடத்திற் சொல்ல முயன்று தோற்றோம். ஆதலின் மலராசிரியரின் பொறுமையை நம்பி ஈண்டு விரித்து எழுதுகின்றோம்.

நாம் வாழ்வது பல்லேகலவில். அங்கிருந்து கண்டி நகருக்கு வரும் மகியங்கனை வீதியிலே பல்லாண்டுகளாகப் போக்குவரத்துச் செய்பவர் எவரும், தாம் அறியாமலே, கட்டட முகங்களைப் பற்றிய ஒரு பாடத்தைக் கற்றவராவர். பல்லேகலவிலே இருப்பவை பெரிய நிறுவனங்கள். கைத்தொழிற் பேட்டை, மத்திய மாகாண சபையின் கட்டடத் தொகுதி, 2009ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கிறிக்கெற் மைதானம், சிறைச்சாலை என இவ்வாறு. இடம் தாராளமாகக் கிடைத்தமையால் இவற்றுட் பல வீதியைவிட்டு விலகி உள்ளே நிற்கின்றன. வழிப்போக்கனுக்குத் தெரிவன வேலியும், வாயிற் காவலனின் சிறு கூடும், பெயர்ப்பலகையுமே. அவற்றிற்கு முகம் இல்லை என்று சொல்லமாட்டோம். ஆயின் அம்முகம் நம்மை நோக்கியதன்று. உள்ளே அலுவல் உடையவன் மாத்திரம் அதனைக் காண்கின்றான்.

சிறைச்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டி நகரின் நடுவே, போகம்பரையிலே, 1876ஆம் ஆண்டிற் கட்டப்பட்டதாகக் கூறப்படும் சிறை ஒன்று நெடுங்காலம் நின்றது. 2014 சனவரியில் அது மூடப்பட, கைதிகள் பல்லேகலவிற் கட்டிய புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர். ஆங்கில ஆட்சியாளர் போகம்பரைச் சிறையை ஊருக்கு நடுவே, சந்தைக்கும் புகையிரத நிலையத்திற்கும் அண்மையிலே எழுப்பியது இடமின்மையால் என்று நாம் கருதவில்லை. அச்சுவர் ஊராருக்கு நாள்தோறும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே அவர்தம் எண்ணம் போலும். நாம் சிறுவராய் இருந்த காலத்திலே அச்சுவரை அடுத்து நடக்கும்போது குரல் தாழ்த்திப் பேசியது நினைவிருக்கின்றது. கைதிகள் சென்ற பின்னரும் அச்சுவரை என்ன செய்வது என்று நகரத்தவர் வாதிட்டனர். உள்ளே இருந்தவர் போனபின்னும் முகம் தன் பேச்சை நிறுத்தவில்லை. முகப்பு என்பது வெறும் அலங்காரம் எனக் கருதுவோர்க்கு இதனை முதலிற் சொல்லிவைக்கின்றோம்.

பல்லேகலவை விட்டுக் குண்டசாலைக்கு வருவோம். அங்கே கல்மடுவ விகாரை இருக்கின்றது. பெயரே கல்மண்டபம் என்று பொருள்படும். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலே, அஃதாவது 1747இற்கும் 1782இற்கும் இடையிலே, கட்டத் தொடங்கி முற்றுப்பெறாது விடப்பட்டது என்பர். கீழே வளைவு வாயில்கள் சூழ்ந்த மண்டபம். மேலே படிப்படியாய்ச் சிறுத்து எழும் கோபுரம். தூரத்தே நின்று பார்ப்பவர் சைவக் கோயில் ஒன்று எனவே கைகூப்புவர். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் குலத்து மன்னன் பௌத்தத்தைப் பேணி எழுப்பிய கட்டடம் வேறு எந்த முகத்தைக் காட்டும்? நாம் வியப்பது, அதனை முடிக்காது விட்டவர் எவரும் அரைகுறையை மறைக்க ஒரு பொய்ச்சுவர் எழுப்பவில்லை என்பதையே. 200 ஆண்டுகளுக்கு மேலாக அக்கட்டடம் தான் எதுவரை வந்ததோ அதுவரைக்குமே காட்டிக்கொண்டு நிற்கின்றது.

இதற்கு இணையாக மேனாட்டிலும் ஒன்று உண்டு. இத்தாலி நாட்டுப் புளோரன்ஸ் நகரப் பேராலயத்தின் மாடக்கூம்பை உலகம் அறியும். அவ்வாலயத்தின் முற்றுப்பெறாத பழைய முகப்பை 1587இல் இடித்தனர். புதிய முகப்பு நிறைவெய்தியது 1887இல். இடையிலே 300 ஆண்டுகள் அப்பேராலயம் வெறுஞ்சுவரோடு நின்றது. அந்நகரத்துச் சான் லொறென்சோ ஆலயத்துக்கு முகப்பு அமைக்க மைக்கலாஞ்சலோ திட்டமிட்டான், வேலை நின்றுபோயிற்று, இன்றும் அதன் முன்சுவர் கரடுமுரடாகவே நிற்கின்றது. அவ்வாலயங்களின் பெருமைக்கு இதனாற் குறை ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை.

இனி, தென்னக்கும்புரப் பாலத்திலே மகாவலியைக் கடந்து, வாவிக் கரையால் நகருக்குள் நுழைவோமானால், கண்டியின் மெய்யான முகங்கள் எதிர்ப்படுகின்றன. எல்லாவற்றிலும் பெயர்பெற்றது தலதா மாளிகையின் எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவ. கண்டி என்றதும் படங்களிற் காண்பது அதுவே. ஆயின் அது மாளிகையின் ஆதி உறுப்பன்று. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் காலத்தில், 1802ஆம் ஆண்டளவில், தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பியைக் கொண்டு எழுப்பப்பட்டது. மன்னன் அதன் மேல்நிலையிலே நின்று மக்களுக்குக் காட்சியளித்தான். முன்னே அகழியும் அதன் கரையிலே அலைபோல் ஏறி இறங்கும் மதிலும், வாவிக் கரையிலே முகில்மதிலும் அமைந்தன. அம்மதிலின் முக்கோண மாடங்களை உற்று நோக்குங்கள். அவை வெற்று அழகுக்காகக் குடையப்பட்டவை அல்ல. விழா நாட்களில் விளக்கேற்றி வைப்பதற்கு ஆனவை. மன்னனின் மதில் ஊராரின் விளக்குத்தண்டும் ஆயிற்று.

அதற்குச் சற்று அப்பால் மகுல் மடுவ என்னும் அரசிருக்கை மண்டபம். இராஜாதி இராஜசிங்கன் 1783இற் தொடங்கியது. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறிய உடன்படிக்கை வாசிக்கப்பட்டதும் இங்கேதான். இம்மண்டபத்தின் முகப்பு எது என்று கேட்டால் விடைகூறுதல் அரிது. சுவரே இல்லை, செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்களும் அவற்றின்மேல் ஒரு பெருங்கூரையுமே உள. கண்டியர் கட்டடத்தின் முகம் கூரையிலேதான் இருக்கின்றது. மேற்பகுதி செங்குத்தாகவும் கீழ்ப்பகுதி படிந்தும் விழும் அவ்விரட்டைச் சாய்வைப் பார்த்து இஃது அழகுக்கு ஆனது என்று எண்ணுவோர் உளர். மேலே விழும் மழை விரைந்து வழிந்தோடவும், கீழே நீண்ட இறவாரம் சுவரையும் மனிதரையும் நனையாது காக்கவும் எழுந்தது அவ்வடிவம். பிற்காலத்திலே பேராதனைப் பல்கலைக்கழகக் கட்டடங்களை வடிவமைத்த சேர்லி டி அல்விசும், கோட்டேயில் 1982இற் திறந்த பாராளுமன்றத்தை வடிவமைத்த ஜெப்ரி பாவாவும் இக்கூரையைத்தான் தத்தம் வழியிலே எடுத்தாண்டனர்.

ஆயினும் ஒரு மயக்கத்தை இங்கே தவிர்க்க வேண்டும். கண்டியிலே இக்காலத்தில் எழும் மாடிக் கட்டடங்கள் சிலவற்றின் உச்சியிலே கண்டியக் கூரையின் சிறு துண்டு ஒன்றை ஒட்டிவைத்திருக்கின்றனர். அதன்கீழே நின்றால் ஒரு துளி மழைக்கும் மறைவில்லை. கோட் சூட் அணிந்தவன் தலையிலே மாத்திரம் தலைப்பாகை வைத்ததுபோல அது தோன்றுகின்றது. நாம் கண்ணாடியை எதிர்ப்பது பழைமைப் பற்றினால் என்று எவரேனும் கருதுவாராயின், அத்தலைப்பாகையையும் நாம் அதே வேகத்தோடு எதிர்க்கின்றோம் என்பதை அறிந்துகொள்வாராக.

நமது கோயிற் சிற்ப நூல்களை அறிந்தோர், விமானத்தை ஓர் உடம்பாகவே அவை வகுத்திருத்தலை உணர்வர். அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கழுத்தாகிய கிரீவம், தலையாகிய சிகரம், அதன்மேல் ஸ்தூபி. முன்னே நிற்பது முகமண்டபம். கோபுரமோ அவ்வுடம்பின் உறுப்பன்று, மதிலின் வாயில். தஞ்சைப் பெருங்கோயில் 1010ஆம் ஆண்டளவிலே நிறைவெய்தியபோது, ஏறத்தாழ 66 மீற்றர் உயர்ந்த விமானமே ஓங்கி நின்றது. வாயிற் கோபுரங்கள் அடங்கி நின்றன. பின்வந்த நூற்றாண்டுகளிலே மூலத்தானம் சிறியதாகவே இருக்க வாயில் வளர்ந்தது. திருவரங்கத்து இராஜகோபுரம் 236 அடி உயர்ந்து முற்றுப்பெற்றது 1987இலேதான். உள்ளே இருப்பதைவிட முகம் பெரிதாய்விட்டது என்று குறைகூறலாம்; எமது நண்பர் ஒருவர் அவ்வாறே கூறி, இதனையே கண்ணாடி முகத்துக்கு ஆதரவாகவும் எடுத்துக்காட்டினார். ஆயின் கோபுரம் செய்யும் தொழிலை மறந்துவிடலாகாது. வயலில் நிற்பவனுக்கும் அது தெரிகின்றது. கோயிலுக்குள் வர இயலாதவனும், ஒரு காலத்திலே வர விடப்படாதவனும், அதனை நோக்கிக் கும்பிட்டான். அது வெளியே நிற்பவனுக்கென்றே எழுப்பப்பட்டது.

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் சங்கடப்படலையை நம்முட் பலர் பார்த்திருக்கின்றனர். வாயிலின்மேல் ஒரு சிறு கூரை. உட்புறமும் வெளிப்புறமும் இருக்கத் திண்ணை. வெளியே தண்ணீர்ப் பானை. வெயிலிலோ மழையிலோ செல்பவன் வீட்டாரிடம் கேளாமலே அங்கே ஒதுங்கலாம். பருத்தித்துறையிலே தெருமூடிமடம் வீதியையே கூரையால் மூடிக்கொண்டு நிற்கின்றது. இவற்றையெல்லாம் பார்க்கையில், முகப்பு எனப்படுவது கட்டடத்துக்கு உரியவன், தனக்கு உரித்தல்லாத மக்களுக்குக் கொடுக்கும் பங்கு என்றே எமக்குத் தோன்றுகின்றது. வீட்டின் உள்ளறை வீட்டாருக்கு, சமையலறை சமைப்பவருக்கு, முகப்பு வீதியிற் போகும் எவருக்கும்.

இந்நோக்கோடு பார்ப்பின் நமது நீள்கட்டடத்தின் விறாந்தை எத்தகையது? கல்லூரி விட்டபின் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நிற்பது அங்கே. தோட்டங்களிலிருந்து பிள்ளையைச் சேர்க்க வந்த பெற்றோர், உள்ளே போகத் தயங்கி முதலில் அமர்வதும் அங்கேதான். பரீட்சைப் பெறுபேறு ஒட்டப்படுவதும் அங்கே. மழை பெய்தால் மரக்கறி கொண்டுபோகும் அம்மாள் கூடையோடு ஒதுங்குவதும், அவரை எந்த அதிபரும் வெளியேறச் சொன்னதில்லை என்பதும் நாம் அறிந்தவை. வரைபடத்திலே அவ்விறாந்தை கண்ணாடிக்குப் பின்னே போய்விடுகின்றது.

நகரிலே இதனை நன்கு உணர்ந்து கட்டிய இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்ல விரும்புகின்றோம். ஒன்று, திரித்துவக் கல்லூரியின் தேவாலயம். 1920களிலே தொடங்கி 1935இல் நிறைவெய்தியது. அக்கல்லூரியில் ஆசிரியராயிருந்த காஸ்டர் பாதிரியார் அதனை வடிவமைத்தார். அரசிருக்கை மண்டபத்தையும் எம்பக்கைத் தேவாலயத் தூண்களையும் மனத்திற்கொண்டு, பக்கச் சுவர்கள் இன்றிக் கற்றூண்களால் அதனை அமைத்தனர். கிறித்தவ சமயத்தார் தம் ஆலயத்துக்குக் கண்டியின் முகத்தைக் கொடுத்தமை இந்துக் கல்லூரியினராகிய நாம் மதித்து நோக்கற்பாலது.

மற்றது, மினெட் டி சில்வா அம்மையாரின் பணி. கண்டியிலே 1918இற் பிறந்து 1998இல் மறைந்த இவ்வம்மையாரே இலங்கையின் முதற் பெண் கட்டடக் கலைஞர். பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் 1948இல் உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண்மணியும் இவரே. கொங்கிறீற்றையும் புதிய முறைகளையும் அஞ்சாது கையாண்ட அவர், தாம் கட்டிய கண்டி வீடொன்றிலே தும்பறைப் பாய் நெசவாளரின் கைவேலையைக் கதவுகளிலே பதித்தார். தும்பறை என்பது நாம் இருக்கும் பல்லேகலப் பள்ளத்தாக்கேயன்றோ! 1950களின் பிற்பகுதியிலே கண்டி வட்டபுலுவவில் அரசாங்க ஊழியருக்கென வீட்டுத் திட்டம் ஒன்றை அவர் அமைத்தபோது, கோடு கிழிப்பதற்கு முன் அங்கே குடியிருக்கப் போகின்றவர்களிடமே வினாப்பத்திரம் கொடுத்து, அவர்தம் தேவையையும் விருப்பத்தையும் கேட்டறிந்தார். பல இனத்தாரும் பல வருவாயினரும் அவர்களுள் இருந்தனர். நமது விழாக் குழுவினர் தம் வரைபடத்தைப் பற்றி ஆசிரியரிடமோ மாணவரிடமோ ஒரு கேள்வி கேட்டதாக நாம் அறியோம்.

இவர்களுக்கும் முன்னே, 1905இல், ஆனந்த குமாரசுவாமி கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். முன்னோர் கட்டடங்கள் கவனிப்பாரற்று அழிதலையும், அவற்றின் இடத்திலே அழகற்றவை எழுதலையும் கண்டு மனம் நொந்து எழுதியது அது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய ஒரு தமிழர், கண்டிச் சிங்களவரின் கலையைக் காக்கும்படி அவர்களிடமே வேண்டிநின்றார். 1908இல் அவர் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் இன்றும் அத்துறைக்கு முதனூல். அதற்கும் பல நூற்றாண்டு முன்பே, 1344இல் எழுந்த கடலாதெனிய விகாரையின் கல்முகத்தை அமைத்தவன் கணேசுவராச்சாரி என்று கல்வெட்டுக் கூறுகின்றது. அவ்வாண்டிலேயே எழுந்த இலங்காதிலக விகாரையின் பாறையிலே சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு. இம்மலைநாட்டின் முகங்களிலே தமிழரின் கையும் பழமையானது. கண்டியின் முகத்தைப் பற்றிப் பேச நமக்கு என்ன உரிமை எனக் கூச்சப்படும் நம்மவர் இவற்றை அறிந்திருத்தல் நன்று.

இனி மறுபக்கத்தார் கூற்றுக்கு வருவோம். அதனை எளிதிற் தள்ளிவிட எம்மால் இயலவில்லை. கூட்டத்திலே பேசிய இளைஞர் ஒருவர், தாம் லயத்திலே பிறந்து வளர்ந்தவர் எனத் தொடங்கினார். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கதவுகள், எல்லாம் ஒரே நிறம், ஒரே தகரம். எது தம் வீடு என்று காட்ட ஒரு முகம் தமக்கு இருந்ததில்லை என்றார். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயங்களுக்குப் பின்புறமே கிடையாது. அங்கே பிறந்த பிள்ளை படிக்கவரும் கல்லூரியும் ஏன் எளிமையாகவே இருத்தல் வேண்டும்? எளிமையின் சிறப்பைப் பற்றி நகரத்தில் வசதியாக வாழ்ந்தவர்கள் அவனுக்கு ஏன் போதிக்க வேண்டும்? பளபளக்கும் ஒரு வாயிலுக்குள் நுழைந்தால் அவன் நெஞ்சு நிமிராதா? மண்டபத்திலே அவருக்கு எழுந்த கைதட்டல் எமக்கு எழவில்லை, எழாமை நியாயமே.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. முகம் அற்பமான பொருள் அன்று என்பதை இந்நாட்டு வரலாறே நமக்குக் கசப்பாகக் கற்பித்திருக்கின்றது. ஒரு மக்கட் கூட்டத்தை வருத்த எண்ணியவர்கள் அதன் முகத்தையே தாக்கினர். 1981இல், மே முடிந்து சூன் பிறந்த இரவிலே, யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 1983 சூலையில் கண்டி வீதிகளிலே தமிழர் கடைகளின் முகங்கள் கரிந்தன. 1998 சனவரி 25ஆம் நாள் விடுதலைப் புலிகளின் குண்டு தலதா மாளிகையின் முகப்பைச் சிதைத்தது, உயிர்களும் பறிபோயின. 2018 மார்ச்சிலே, எமது வீட்டுக்கு அண்மையில், திகனவிலும் தெல்தெனியவிலும் முசிலிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மாளிகையின் முகப்பைச் சிற்பிகள் மீள எழுப்பினர். யாழ் நூலகத்தின் வெண்முகமும் மீண்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்த இழப்பு மீளவில்லை. முன்பு போலவே நிற்கும் அதன் முன்னே நின்றபொழுது எமக்கு மகிழ்ச்சியும் துயரும் ஒருங்கே வந்தன. அன்று உடன்வந்த மாணவன் ஒருவன், உள்ளே பழைய புத்தகம் எங்கே என்று கேட்டான்.

ஆதலின் அவ்விளைஞரின் ஏக்கத்தை மதிக்கின்றோம். அவர் தேடும் மருந்தைத்தான் மறுக்கின்றோம். லயத்திலே எல்லாம் ஒன்றுபோல் இருந்தன என்றார். மெய். ஆயின் அந்த லயத்திலும் மக்கள் உயிரோடு வாழ்ந்த இடம் எது? இஸ்தோப்பு. அறைக்கு முன்னாலிருந்த அக்குறுகிய தாழ்வாரத்திலேதான் பிள்ளைகள் படித்தார்கள். முதியவர் வெற்றிலை இடித்தார். மழைநாளிற் பேச்சும் வழக்கும் நடந்தன. அண்மைக் காலத்திலே இந்திய உதவியோடு தோட்டங்களிலே 7 பேர்ச்சஸ் நிலத்தில் 550 சதுர அடி அளவிற் தனிவீடுகள் கட்டப்பட்டபோது, குடிபுகுந்தவர்கள் முதலிற் செய்தவற்றை நாம் சில இடங்களிற் கண்டிருக்கின்றோம். சுவருக்குத் தாம் விரும்பிய நிறம் பூசினர். பலர், கையிற் பணம் சேர்ந்ததும், முன்னே ஒரு தாழ்வாரத்தை இறக்கினர். தமக்கென ஒரு முகம் வாய்த்ததும் அம்மக்கள் அதனை நிழலாகவும் இருக்கையாகவும் அமைத்துக்கொண்டனர். கண்ணாடி அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

கண்ணாடியைப் பற்றி இரண்டொரு சொல். குளிர்நாட்டிலே அது வெயிலை உள்ளே பிடித்துவைக்க உதவும். வெயிலின் ஒளியை அது உள்ளே விடும். உள்ளே சூடேறிய பொருள்களின் வெப்பத்தை எளிதில் வெளியேற விடாது. நமது கட்டடமோ மேற்கு நோக்கியது. பங்குனி, சித்திரைப் பிற்பகல்களில் அவ்வகுப்பறைகள் என்னாகும் என்பதற்குப் பௌதிகவியல் ஆசிரியரைக் கேட்டாலே போதும். குளிரூட்டி வைப்போம் என்பர். மின்கட்டணம் எவர் கொடுப்பது என்பதற்கு வரைபடத்தில் விடையில்லை. உயரத்திலுள்ள கண்ணாடியைக் கழுவுவது யார் என்பதும் அவ்வாறே.

அலுமினியக் கூட்டுத் தகட்டைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளுக்கு இடையே பிளாஸ்ரிக் வைத்து ஒட்டியது அவற்றுள் ஒருவகை. இலண்டனிலே கிரென்பெல் என்னும் 24 மாடிக் குடியிருப்புக் கட்டடத்துக்கு இத்தகைய போர்வை போர்த்தனர். பழைய கொங்கிறீற்றின் தோற்றத்தைச் சீராக்குவதும் அவ்வேலையின் நோக்கங்களுள் ஒன்று. 2017 சூன் 14ஆம் நாள் ஒரு வீட்டிற் பற்றிய தீ அப்போர்வையைப் பிடித்துக்கொண்டு கட்டடம் முழுவதும் ஏறிற்று. 72 பேர் மாண்டனர். தீப்பற்றாத வகைத் தகடும் உண்டு. அது விலை கூடியது. வரைபடத்திலே எந்த வகை என்று குறிப்பிடப்படவில்லை. பிள்ளைகள் இருக்கும் கட்டடம் ஆகையால் இதனை எழுதாதிருக்க எமக்கு மனம் வரவில்லை.

பொன்னெழுத்தைப் பற்றியும் சொல்லல் வேண்டும். முகப்பிலுள்ள பெயரும் முகத்தின் ஒரு பகுதியே. பல்லேகல மைதானத்துக்கு முத்தையா முரளிதரனின் பெயரைச் சூட்ட மாகாண சபை 2010இற் தீர்மானித்தது. ஊரார் வாயிலும் ஏடுகளிலும் பல்லேகல என்பதே நிலைத்துவிட்டது. தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட பின்னரும், தமிழைப் பிழையாக எழுதிய பலகைகளை வீதிதோறும் காண்கின்றோம். அத்தகைய பலகைகளை நம் மாணவர் எத்தனை முறை எண்ணிச் சிரித்திருப்பர்! வரைபடத்திலே நமது கல்லூரியின் பெயர் ஆங்கிலத்திற் பெரிதாகவும் தமிழிற் சிறிதாகவும் இருக்கின்றது. தமிழில் ஒற்று ஒன்று மிகாமலும் விடப்பட்டிருக்கின்றது. வரைந்தவர் அறியாமற் செய்த பிழை ஆகலாம். அந்த ஒற்றைத் திருத்த நிதி தேவையில்லை.

நாம் வேண்டுவது இவ்வளவே. விழா நிதியைக் கொண்டு நீள்கட்டடத்தின் கூரையை முதலிற் செப்பனிடுக. விறாந்தையை அகலமாக்கி, இறவாரத்தை இன்னும் நான்கடி முன்னே இறக்கி, வீதிப்பக்கமாக நீண்ட கல்லிருக்கை ஒன்று அமைத்திடுக. வாயிலிலே சங்கடப்படலை போல ஒரு சிறு கூரையும் குடிநீர்க் குழாயும் வேண்டும். தூண்களைச் செதுக்கும் கைவினைஞர் கண்டியைச் சூழவுள்ள ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். பாய் நெசவாளர் தும்பறையில் இருக்கின்றனர். அவ்விளைஞர் கேட்ட அழகை அவர்கள் கையால் தருவிக்கலாம். அதற்குச் செலவு செய்வதை நாம் குறைகூறமாட்டோம். நல்ல வண்ணமும், இரவிலே நல்ல வெளிச்சமும் வேண்டும் என்பதிலும் அவரோடு ஒன்றுபடுகின்றோம். பெயரை மும்மொழியிலும், தமிழை முதலாகக் கொண்டு, கல்லிலே வெட்டுவிக்கலாம். இவற்றுள் எதனையும் முடிவுசெய்யும் முன்னர் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வினாத்தாள் கொடுத்து, இந்த முகப்பிலே உனக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகளைக் கேட்பது தகும். அவர்கள் கண்ணாடியே வேண்டும் என்று எழுதினால், நாம் அடுத்த கூட்டத்திலே பின்வரிசையில் அமர்ந்து கைதட்டுவோம்.

கூரை விடயம் மாத்திரம் காத்திருக்க முடியாது. சென்ற வாரம் தச்சர் ஒருவரை அழைத்துச் சென்று காட்டினோம். மேற்கு மூலையிலே மூன்று கைமரங்கள் உளுத்திருக்கின்றன. அவற்றின்மேலுள்ள ஓடுகள் இரண்டு விரல் சரிந்துவிட்டன. ஐப்பசி மழைக்கு முன் மாற்றாவிட்டால், பெறுபேறு ஒட்டும் பலகைக்கு மேலேதான் முதலில் ஒழுகும் என்றார்.